42 பிள்ளைகளும் 12 கத்தரிக்கோலும்: கல்லடியில் ஒரு கடதாசிப் பட்டறை இரண்டாம் தடவை சரிவந்த கதை

போன சனிக்கிழமை பகல் பதினொன்றரை இருக்கும். வாசிகசாலை முற்றத்தில், கூரைத் தண்ணீர் ஓடப் பூட்டும் பத்தடிப் பீலி ஒன்றைக் கற்களின் மேல் கிடத்தி, தண்ணீர் நிரப்பி, கடதாசி வள்ளம் விட்டுக்கொண்டிருந்தோம். இருபத்து நான்கு பிள்ளைகள். ஒருவரும் அழவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய தலையிலும் பசை இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏப்ரலில் நடத்திய முதல் பட்டறையில் ஒரு பிள்ளையின் தலைமுடியில் பிடித்த பசையை எடுக்க, அதன் தாய் தேங்காய் எண்ணெயோடு முக்கால் மணித்தியாலம் மாரடித்தார்.

நான் ஆசிரியன் இல்லை. மட்டக்களப்பில், கல்லடியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு பக்கம் வெற்றாகக் கிடக்கும் கழிவுத் தாள் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். பக்கத்துப் பிள்ளைகள் வந்து "மாமா, கீற ஒரு பேப்பர் தாங்க" என்று வாங்கிப்போவார்கள். அதைப் பார்த்துத்தான் வாசிகசாலைப் பொறுப்பாளர் அக்கா, "தம்பி, லீவுக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது கடதாசி வேலை காட்டிக்குடுங்களன்" என்றார். ஒரு காலை நேரத்து வேலைதானே என்று தலையாட்டினேன்.

முதல் திட்டத்தைக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒன்பது மணிக்குக் காற்றாடி. பத்துக்குப் பட்டம். பதினொன்றுக்குக் கூத்து முடி. பன்னிரண்டுக்குப் படம் எடுத்துவிட்டுக் கலைவது. எங்கள் ஊர் நாட்டுக்கூத்தில் ராசா வைக்கும் கிரீடத்தைப் போல, பிரிஸ்டல் போட் என்ற தடித்த அட்டையில் வெட்டி, தங்க நிறக் கடதாசி ஒட்டி, பிள்ளைகள் தலையில் வைத்து வரிசையாக நிற்க ஒரு படம். உண்மையில் அந்தப் படத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட்டிருக்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது.

முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். நாலு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும். கத்தரிக்கோல் பன்னிரண்டு. அதில் இரண்டை, இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் இருவர் பிடித்து இழுத்து, கடதாசியைக் கடித்துக் குதறினார்கள். வலக்கைக்குச் செய்த கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகு இரண்டும் விலகிக் கடதாசி நடுவில் மடிந்துபோகும். அது பிள்ளையின் பிழை இல்லை. இதுகூட எனக்கு அன்றுதான் தெரியும்.

காற்றாடி பாதியில் நின்றது. பட்டத்துக்கு ஈர்க்கில் கட்ட நூல் போதவில்லை. முடிக்கு வந்தபோது பசை காயவில்லை. கோதுமை மாவைக் காய்ச்சித்தான் பசை எடுத்திருந்தேன். பிரிஸ்டல் போட்டில் தடிப்பாகப் பூசி, மேலே தங்கக் கடதாசியை ஒட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. அது மினுக்கப் பூச்சுள்ள கடதாசி. ஏப்ரல் வெக்கையில் காற்றும் இல்லை. மின்விசிறியைப் போட்டால் வெட்டி வைத்த துண்டெல்லாம் பறக்கும். நிறுத்தினால் பிள்ளைகளின் உள்ளங்கை வியர்வையில் கடதாசி நமுத்துப்போகும். போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தியே பாதி நேரம் போனது. இடையில் சாப்பிட ரோல்ஸ் கொடுத்தோம். எண்ணெய் விரலோடு திரும்பி வந்து பிடித்த இடமெல்லாம் கண்ணாடி போல ஒளிபுகும் பொட்டுகள்.

செலவு 11,500 ரூபாய். பிரிஸ்டல் போட் 2,700, தங்கக் கடதாசி 1,750, கத்தரிக்கோல் 1,800, ஏ4 ஒரு கட்டு 1,750, ரோல்ஸ் 3,500. முழுதாக முடிந்த முடி மூன்று. அதிலும் ஒன்றை முடித்தது நான்.

இதில் எனக்கு உறைத்தது ஒரு சின்னக் காட்சி. எல்லோரும் போனபிறகு ஆறு வயது இருக்கும் ஒரு பிள்ளை மூலையில் இருந்து, குப்பையில் கிடந்த துண்டு ஒன்றை நாலாக மடித்து, விரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. "என்ன செய்யிறீங்க மகள்?" என்றேன். "சும்மா" என்றது. மூன்று மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளை சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் போல.

அதன்பிறகு நாலு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆகஸ்ட் லீவு நெருங்க அக்கா திரும்பக் கேட்டார். இந்தமுறை கொப்பியில் முதலில் எழுதியது: மடிப்பது, ஓடுவது, பறப்பது. அலங்காரம் வேண்டாம். பிள்ளை செய்த பொருள் செய்து முடித்த உடனேயே ஏதாவது ஒரு வேலை செய்யவேண்டும். இரண்டு பொருள் மட்டும்: வள்ளம், காற்றாடி. ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை, இருபத்து நாலு பேர், முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரை உதவிக்குப் பிடித்தேன். நாலு பாய், பாய்க்கு ஆறு பேர், ஒரு பாய்க்கு ஒரு அக்கா அல்லது அண்ணன்.

முதலில் கடதாசி.

ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். முதல் பட்டறையில் சதுரம் வேண்டும் என்று 210க்கு 210 வெட்டி, மிஞ்சிய 87 மில்லிமீற்றர் பட்டியைக் குப்பையில் போட்டேன். கொப்பிக் கடைக்காரனுக்கு இது வெட்கக்கேடு. காற்றாடிக்கு அவ்வளவு பெரிய சதுரமும் தேவையில்லை, சின்னக் கைக்கு அது அடங்காது. இந்தமுறை நீளப் பக்கத்தோடு 62 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டியை முதலில் வெட்டி எடுத்தேன். மிச்சம் 148க்கு 297. அதை நடுவில் வெட்டினால் இரண்டு சதுரம். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வரும், பிள்ளைகளின் மடிப்பில் அது தெரியாது. எடுத்துவைத்த பட்டியை மூன்றாகக் கிழித்தால் இருபது மில்லிமீற்றர் அகலத்தில் மூன்று நீளப் பட்டி. நிறத்தாள் ஐம்பது வாங்கினேன்: நூறு சதுரம், நூற்றைம்பது பட்டி. குப்பை இல்லை.

பட்டி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வெட்டும்போது ஒரு பிழை விட்டேன். கடையில் இருக்கும் கைப்பிடி வெட்டியில் இருபது தாளை ஒரேயடியாக வைத்து அழுத்தினேன். அலகு இறங்கும்போது மேல்தாள்கள் மெல்ல வழுகின. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒரே அளவாக இல்லை, இரண்டு மூன்று மில்லிமீற்றர் சரிவு. பார்த்தால் சதுரம்தான். மூலைக்கு மூலை மடித்தால் நுனி நுனியோடு சேராது. பிள்ளை என்ன செய்யும்? தன் கையில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மடிக்கும். அந்த இருபதையும் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, எட்டு எட்டாக வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்து மூலை மடித்துப் பார்த்தேன். வெட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் போனது. பட்டறை நாளில் மிச்சம் பிடித்த நேரத்தோடு பார்த்தால் அது மலிவு.

வள்ளத்துக்கு வெள்ளை ஏ4, 80 ஜிஎஸ்எம், போட்டோக் கொப்பி எடுக்கும் வழக்கமான தடிப்பு. பத்திரிகைத் தாளிலும் செய்து பார்த்தேன், மடிக்க மெது. ஆனால் தண்ணீரில் விட்டால் இரண்டு நிமிடத்தில் அடி ஊறி, நனைந்த ஊத்தப்பம் மாதிரி ஆகிவிடும். 80 ஜிஎஸ்எம் தாள் ஆறு நிமிடம் தாங்கியது. பிறகு மெழுகுதிரியைத் தேய்த்துப் பார்த்தேன். செய்து முடித்த வள்ளத்தில் தேய்த்தால் வள்ளம் நசுங்கும். மடிக்கமுன் முழுத்தாளிலும் தேய்த்தால் கடதாசி வழுகி மடிப்பு நிற்காது. கடைசிப் படிக்கு முதல், தட்டையான சாய்சதுரமாக இருக்கும்போது இரண்டு முகத்திலும் தேய்த்துவிட்டு, அதன்பிறகு இரண்டு நுனியையும் இழுத்து விரித்தால் சரி. அப்படிச் செய்த வள்ளம் வாளியில் அரை மணித்தியாலத்துக்கு மேல் மிதந்தது. பிறகு நான்தான் சலித்துப்போய் எடுத்துவிட்டேன். நிறம் தீட்ட பெஸ்டல் கொடுக்கலாம், அதுவும் தண்ணீரைத் தள்ளும். மார்க்கர் கொடுக்கக்கூடாது. பீலித் தண்ணீர் நாவல்பழச் சாறு போல ஆகிவிடும்.

இதையெல்லாம் பரிசோதிக்க எனக்கு ஒரு ஆள் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஏழு வயது. பட்டறைக்கு ஒரு கிழமை முன்னே கடையில் இருத்தி, கைபேசியில் நேரம் பிடித்துக்கொண்டு, வள்ளம் மடிக்கச் சொன்னேன். எனக்கு ஒரு நிமிடம் பத்து விநாடி எடுக்கும் வேலை. அவளுக்குப் பதினேழு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் ஒரே ஒரு இடத்தில்.

வள்ளம் மடித்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். தாளைப் பாதியாக மடித்து, மேல் மூலை இரண்டையும் நடுவுக்கு இறக்கி, அடிப்பட்டியை இரண்டு பக்கமும் மேலே மடித்தால் தொப்பி வரும். அதுவரை எல்லாப் பிள்ளைக்கும் வரும். அடுத்து, தொப்பிக்குள் விரலை விட்டு வாயைத் திறந்து, இரண்டு காதையும் ஒன்றோடொன்று சேர்த்து, சாய்சதுரமாகத் தட்டையாக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். அதுவரைக்கும் மடிப்பு என்றால் ஒரு தட்டை, அதை இன்னொரு தட்டையாக்குவது. இது மட்டும் பையைத் திறந்து வேறு பக்கமாக மூடுவது.

"எனக்கு ஒண்ணா மாமா" என்றாள், முடியவில்லை என்று. கை இரண்டும் தொப்பியின் வெளிப்பக்கத்தைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தன. நான் என் கையில் செய்து காட்டினேன், பார்த்தாள், திரும்பவும் வெளியே பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் அவளுக்கு நேரெதிரே இருக்கிறேன். என் வலம் அவளுக்கு இடம். என் கை கடதாசியை மறைக்கிறது. எழுந்துபோய் அவள் பக்கத்தில், அவள் பார்க்கும் திசையிலேயே இருந்து, "இது அரிசிப் பை எண்டு நினைங்க. உள்ளுக்குக் கையை விட்டு வாயைத் திறங்க. இப்ப மற்றப் பக்கமாச் சாத்துங்க" என்றேன். பெருவிரல்கள் உள்ளே போயின. பை திறந்தது. காதும் காதும் சேர்ந்தன. "ஆ!" என்றாள், நானும் சொன்னேன்.

அந்த ஒரு மாலை எனக்கு மூன்று மாற்றங்களைத் தந்தது. ஒன்று, செய்து காட்டுபவர் பிள்ளைகளுக்கு எதிரே இருக்கக்கூடாது. பாயில் ஒரே பக்கம் பார்த்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகைக் காட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவேண்டும். இரண்டு, காட்டும் தாள் பெரிதாக, ஒரு பக்கம் நிறமாக இருக்கவேண்டும். எந்த முகம் வெளியே, எது உள்ளே என்று அப்போதுதான் தெரியும். பழைய நாட்காட்டித் தாள் அதற்கு நல்லது. மூன்று, மடிப்புக்குப் பெயர் வேண்டும். "பாதியாக மடித்து மூலையை மையக் கோட்டுக்குக் கொண்டுவரவும்" என்றால் பிள்ளைக்கு அது பரீட்சைத் தாள். "கூரையை இறக்கு", "சாரத்தைத் தூக்கிக் கட்டு", "அரிசிப் பையைத் திற" என்றால் கை தானாகப் போகிறது.

ஒரிகாமி வரைபடங்களை அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்றும் யோசித்தேன், கடையில் அச்சுக்குப் பஞ்சமா? அந்தப் புள்ளிக்கோடு, கீற்றுக்கோடு, அம்புக்குறி எல்லாம் ஜப்பானியக் கலைஞர் அகிரா யொஷிசாவா 1950களில் வகுத்த முறையிலிருந்து வந்தவை. இன்று உலகம் முழுக்க அதையே பின்பற்றுகிறார்கள். வாசிக்கப் பழகியவருக்கு அருமையான மொழி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு பாடம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளையே வள்ளமாக மடித்தாள்.

அதற்குப் பதிலாகப் படிப்பலகை செய்தேன். இதற்கு ஒரு முழு இரவு போனது. ஒவ்வொரு படியிலும் நிறுத்திய உண்மையான மடிப்பையே அட்டைத் துண்டில் ஒட்டி, எண் போட்டு, கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுவது. வள்ளத்துக்கு எட்டு அட்டை, காற்றாடிக்கு ஐந்து. பாய்க்கு ஒரு வரிசை வீதம் நாலு வரிசை செய்திருந்தால் நல்லது, எனக்கு இரண்டுக்குத்தான் நேரம் இருந்தது. பிள்ளை எழுந்துபோய், அட்டையைத் தொட்டு, மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். இரண்டாம் பட்டறையில் எடுத்த முடிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பாயைப் பற்றியும் ஒன்று. பன்புல்லில் இழைத்த பன்பாயில் இருக்கச் சுகம், அதன்மேல் வைத்துக் கடதாசியை மடித்தால் மடிப்பு விழாது. பாயின் வரி வரியான பள்ளத்தில் நகம் இறங்கும், கோடு நெளியும். ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தோம், பழைய சீஆர் கொப்பிகளின் தடித்த மட்டை. அதோடு மடிப்பை அழுத்த ஒரு ஐஸ்கிறீம் குச்சி. "நகத்தால் தேய்" என்றால் தேயாத பிள்ளை, குச்சியைக் கையில் கொடுத்தால் தச்சன் மாதிரித் தேய்க்கிறது.

காற்றாடி இதைவிட லேசு என்று நினைத்தேன். சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் மடித்து விரித்து, நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டவேண்டும், ஆனால் நடுவைத் தொடக்கூடாது. முதல் பட்டறையில் பாதிப் பிள்ளைகள் வெட்டிய வேகத்தில் நடுவையும் தாண்டிப் போய், கையில் நாலு முக்கோணத்தோடு முழித்துக்கொண்டு நின்றார்கள். இந்தமுறை நடுவில் பத்து ரூபாய்க் குற்றியை வைத்து ஒரு வட்டம் கீறச் சொன்னோம். "வட்டம் கிணறு. கிணத்துக் கட்டோட நிக்கவேணும், உள்ளுக்கு விழக்கூடாது." ஒருவரும் விழவில்லை. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், அது பரவாயில்லை.

தடிக்குத்தான் கஷ்டப்பட்டேன். ஈர்க்கிலில் குண்டூசியைக் குத்தினால் பிளக்கிறது. பப்பாசி இலைத் தண்டு மெது, ஊசி நன்றாக இறங்கும், ஆனால் பால் வடிந்து கையெல்லாம் ஒட்டும், மறுநாள் வாடிச் சுருங்கி ஊசி ஆடும். கடைசியில் கடதாசியிலேயே தடி செய்தேன். பத்திரிகைத் தாள் ஒன்றை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இறுக்கிச் சுருட்டி, நுனியில் மட்டும் பசை. பென்சில் பருமனில் நல்ல உறுதி. ஊசி இறங்கும், பிளக்காது. காற்றாடிக்கும் தடிக்கும் இடையில், மை முடிந்த பேனைக் குழாயை ஐந்து மில்லிமீற்றர் நீளத்தில் வெட்டி ஊசியில் கோத்தோம். இந்தக் குட்டிக் குழாய் இல்லாவிட்டால் காற்றாடி தடியில் உரசி நிற்கும். ஊசி குத்துவதும், பின்பக்கம் வெளியே வரும் ஊசி முனையைக் குறடால் வளைத்து ரேப் ஒட்டுவதும் பெரியவர்கள் வேலை. அந்த இருபத்து நாலு தடிகளையும் முதல்நாளே சுருட்டிவிட்டோம். அது நல்லதா என்று இன்னும் எனக்குச் சந்தேகம், பிள்ளைகளே சுருட்டியிருக்கலாம்.

பசை வேண்டியது இந்தத் தடி நுனிக்கு மட்டும்தான். ஒரு கோப்பை கோதுமை மா, ஐந்து கோப்பை தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டவேண்டும். மா நிறம் மாறிக் கண்ணாடிபோல வரும்போது இறக்கலாம். ஒரு சிட்டிகை சீனக்காரம் போட்டால் இரண்டு நாள் புளிக்காமல் இருக்கும். பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது.

சரி, பட்டறை நாள்.

ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று. மேற்கிலிருந்து, வாவிப் பக்கமாக, அடுப்பு வாய் திறந்ததுபோல அடிக்கும். காற்றாடிக்கு வரம், கடதாசிக்குச் சாபம். முதலில் பிள்ளைக்கு ஒரு ஓட்டுத் துண்டு கொடுப்பதாக இருந்தேன், தாள் பறக்காமல் மேலே வைக்க. முதல்நாள் வைத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளில் எல்லாம் செம்மண் நிறக் கறை. அப்புறம் சின்னத் தண்ணீர்ப் போத்தல்களில் கடற்கரை மணலை நிரப்பி மூடினோம். இருபத்து நாலு போத்தல், காசில்லை. பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், "காவல்காரன்".

ஒன்பது ஐந்துக்குத் தொடங்கினோம். முதல் வள்ளம் முழுத் தாளில், எல்லோரும் சேர்ந்து, படிப்படியாக. நாற்பது நிமிடம். அரிசிப் பை வந்த இடத்தில் நாலு பாயிலும் ஒரே நேரம் சத்தம் நின்றது. பிறகு ஒவ்வொரு பாயாக "ஆ" "ஆ" என்று கேட்டது. இரண்டாவது வள்ளம் பாதித் தாளில், தாங்களாகவே, பலகையைப் பார்த்து. பீலிக்கு அதுதான் அளவு, ஏ4 வள்ளம் இரண்டு பக்கமும் உரசும். மூன்றாவது வள்ளத்தை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்: "டேய், பையத் திற. மறுகாச் சாத்து."

எல்லாப் பட்டறையிலும் சிலர் முந்தி முடித்துவிட்டு மற்றவர்களைக் குழப்புவார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் பட்டிகள். எட்டுக்கு எட்டு, ஒன்றை மேல், ஒன்றைக் கீழ் என்று பின்னினால் சின்னக் கடதாசிப் பாய். இதை நான் காட்ட ஆயத்தமாக இருந்தேன், தேவைப்படவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மம்மா வாசலோடு இருந்தார், பன்பாய் இழைத்த கை. என் மாதிரியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, ஓரம் கட்டாம விட்டா அவுந்து போகும்" என்று ஓரப் பட்டியை மடித்து உள்ளே செருகிக் காட்டினார். பசையே இல்லாமல் பாய் நின்றது. அதன்பிறகு முந்தி முடித்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றித்தான். அந்த மூலையை நான் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

ஒரு பிள்ளை கடதாசி எதிலிருந்து வருகிறது என்று கேட்டது. மரம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். வைக்கோலிலிருந்தும் வரும், நம்முடைய வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் அப்படித்தான் செய்தார்கள் என்றேன். நம்பவில்லை. "வைக்கோல் மாடு தின்றதெல்லோ?" அம்மம்மாதான் எனக்குச் சாட்சி. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த மாதங்களில் கடையில் ஒரு கட்டுத் தாளுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். வைக்கோல் நினைவுக்கு வந்தது அப்போதுதான். அது வேறு கதை.

பத்தரைக்கு வாழைப்பழமும் தேசிக்காய்த் தண்ணியும். எண்ணெய் இல்லை. கை கழுவ இரண்டு வாளி. பிறகு காற்றாடி.

பீலிதான் கடைசி. தெரிந்த ஒரு தச்சரிடம் பத்தடி பிவிசி பீலி, ஐந்து அங்குல அகலம், இரவல் வாங்கினேன். முடிவு மூடி இரண்டுக்கு 360 ரூபாய். பசை போட்டு ஒட்டினால் அவருக்குப் பீலி உதவாது, போடாமல் மாட்டினால் ஒழுகுகிறது. பிளாஸ்ரிசீன் வைத்து அடைத்தேன், பத்து நிமிடத்தில் கழன்று மிதந்தது. பிறகு மெழுகுதிரியைப் பற்றவைத்து, உள்பக்க மூட்டில் சுற்றிவரச் சொட்டவிட்டேன். பகல் முழுக்க ஒரு சொட்டு வெளியே வரவில்லை. முடிந்ததும் கத்தி முனையால் சுரண்டினால் மெழுகு உரிந்து வந்துவிட்டது. முக்கால்வாசிக்குத் தண்ணீர் பன்னிரண்டு லீற்றர் போல.

வள்ளம் ஊதுகிற போட்டி வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். காற்றே தள்ளட்டும் என்று, காலையிலேயே பீலியை மேற்குக் கிழக்காகக் கிடத்தி, வாவிப் பக்க முனையில் சிவப்புப் பெஸ்டலால் தொடக்கக் கோடு போட்டேன். எட்டு மணிக்குப் பரிசோதித்தேன். அருமை. வள்ளம் ஒன்பது விநாடியில் பத்தடி ஓடியது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்கு முதல் வள்ளத்தைத் தொடக்கக் கோட்டில் விட்டோம். ஒரு அங்குலம் முன்னே போனது. நின்றது. பிறகு பின்னுக்கு வந்து மூடியில் முட்டியது. இன்னொன்று விட்டோம், அதுவும் அப்படியே. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். கல்லடியில் பிறந்து வளர்ந்தவன், ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். காலையில் வாவிப் பக்கமிருந்து அடிக்கும் காற்று, பகல் ஏறத் திரும்பிக் கடற்பக்கமிருந்து அடிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். பட்டம் ஏற்றத் தெரிந்தவன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பீலி கிடத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பீலியைத் தூக்கித் திருப்பலாம் என்று நான் குனிந்தேன், பன்னிரண்டு லீற்றர் தண்ணீரோடு. அதற்குள் ஒரு சின்னவள் காற்றாடியைக் கையில் பிடித்தபடி மற்ற முனைக்கு ஓடிப்போய், "மாமா, இஞ்ச இருந்து விட்டாச் சரிதானே?" என்றாள். தொடக்கக் கோட்டை முடிவுக் கோடாக்கினோம். அவ்வளவுதான். இருபத்து நாலு வள்ளமும் ஒவ்வொன்றாகப் போயின. வேகமானது பதினொரு விநாடி. மெழுகு தேய்க்க மறந்தது ஒன்று நடுவழியில் சரிந்தது. அதன் சொந்தக்காரன் அழவில்லை, "எண்ட வள்ளம் தாண்டிட்டு!" என்று, மூழ்கியதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். வாவியில் விடுவோமா என்று சிலர் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆழம் ஒரு பயம், மெழுகு பூசிய குப்பையை அங்கே விடுவது இன்னொன்று.

இம்முறைச் செலவு: ஏ4 கட்டு 1,750, நிறத்தாள் 600, மெழுகுதிரி 240, குண்டூசி 150, மாவும் சீனக்காரமும் 160, பழமும் தேசிக்காய்த் தண்ணியும் 1,300, பீலி மூடி 360. மொத்தம் 4,560, பிள்ளைக்கு 190 ரூபாய். கத்தரிக்கோல் பழையதே. ஏ4 கட்டில் பாதிக்கு மேல் மிச்சம், அது வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது.

அடுத்தமுறைக்குக் குறித்துவைத்தது கொஞ்சம். படிப்பலகை நாலு வரிசை. இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு, தேடிப் பிடிக்கவேண்டும், மட்டக்களப்பு நகரில் கேட்ட மூன்று கடையிலும் இல்லை. வள்ளத்தை முதலிலும் காற்றாடியைப் பிறகும் வைத்தது நல்லது, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓடித்திரிய பதினைந்து நிமிடம் விடவேண்டும். இந்தமுறை பதினைந்து நிமிடத்தைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். தடியைப் பிள்ளைகளே சுருட்டட்டும். பீலி கிடத்தமுன் காற்றாடி ஒன்றை முற்றத்தில் நட்டுவைக்கவேண்டும்.

கூத்து முடியை விட்டுவிடவில்லை. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம், ஏப்ரலில் பசை காயாமல் போன கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "முடியெண்டா ரெண்டு நாள் வேணும் தம்பி. முதல்நாள் ஒட்டு, வெயிலில வை. மற்றநாள்தான் மினுக்குறது" என்றார். பசையை மெல்லிசாகப் பூசவேண்டும், பிரிஸ்டல் போட்டை வளைக்கமுன் மை முடிந்த பேனையால் அடிமட்டம் வைத்துக் கீறிவிட்டால் வெடிக்காது என்பதெல்லாம் நான் இதற்குள் கற்றுக்கொண்டேன். டிசம்பர் மழைக்கு முன்னே ஒரு சனி ஞாயிறு பார்க்கவேண்டும். நேற்றுக் கடைக்கு வந்த பிள்ளைகளின் தலையை நூலால் அளந்தேன்: 50, 52, 52, 53 சென்ரிமீற்றர். ஐந்தாவது ஆள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றதால் அளவு எடுக்க முடியவில்லை.